நான் டைப் அடித்த மன்னிப்புக் கடிதம்

என் அலுவலக மேசையின் கண்ணாடிக்கு அடியில் ஒரு கடிதம் கிடக்கிறது. எதிரே வந்து உட்காரும் கட்சிக்காரர்களின் கண் முதலில் அதில்தான் போய் விழும். மற்ற வக்கீல்கள் அந்த இடத்தில் சாமி படம் வைப்பார்கள், பிள்ளைகளின் படம் வைப்பார்கள். நான் மன்னிப்புக் கடிதம் வைத்திருக்கிறேன். மெல்லிய தாளில் விழுந்த கார்பன் நகல்; ஓரமெல்லாம் பழுத்துவிட்டது. ஆங்கிலத்தில் ஆறு வரி. அடியில் நீல மையில் என் கையெழுத்து. அதற்கும் கீழே, குறுக்காக, 'ஏற்கப்பட்டது' என்று இன்னொருவர் பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதியும் முத்திரையும் போட்டிருக்கிறார். அரசாங்கத்தில் பெரிய அதிகாரிகள்தான் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார்கள். இவர் ஒரகடம் சாலையில் இருந்த ஒரு வார்ப்பட ஆலையின் பர்சனல் மேனேஜர். உமக்கு யார் ஐயா பச்சை மை கொடுத்தது என்று நான் அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தப் பேனாவினால் எனக்கு ஆக வேண்டிய காரியம் ஒன்று இருந்தது.

நினைவுகளை எழுத உட்காருகிறவர்கள் வயதானதும் எல்லாரையும் மன்னித்துவிடுகிறார்கள். படிக்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு அந்தப் பக்குவம் வரவில்லை. வர வேண்டும் என்ற ஆசையும் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த ஆள்மேல் எனக்குக் கோபம் தணியவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என்னைப் பற்றியும் அப்படியே எழுத வேண்டியிருக்கிறது, அதுதான் கொஞ்சம் சங்கடம்.

தொண்ணூற்றொன்றில் எனக்கு இருபத்தைந்து வயது. அந்த வருஷம் மே மாதத்துக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு அந்தக் குண்டுவெடிப்பைப் பற்றித்தான் விசாரிப்பார். எனக்கோ அந்த வருஷம் என்றால் நவம்பர்தான். செங்கல்பட்டில் மூன்று வருஷம் சட்டம் படித்து எல்லாப் பேப்பரும் முடித்திருந்தேன். தொழிலாளர் சட்டம் என்ற ஒரே ஒரு பேப்பரில் மட்டும் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தேன். அப்பா போன பிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான். டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்திருந்ததால் ஆலையில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. விண்ணப்பத்தில் பி.ஏ. வரைக்கும்தான் எழுதினேன். சட்டம் படித்தவளை எந்தப் பர்சனல் மேனேஜரும் தன் அறையில் உட்கார வைக்க மாட்டார் என்பது தெரிந்ததுதானே. மூன்றாவது முறைக்குப் பணம் கட்டியபோது அம்மா சொன்னாள்: "இந்த தபாவும் போச்சுன்னா வுட்டுடு. மிஷினையே கட்டிக்கினு கெட." அவள் விளையாட்டாகச் சொன்னாள். எனக்கு அது தூக்கத்திலும் காதில் விழுந்தது. இந்தப் பேப்பர் போனால் ஆயுசுக்கும் நான் அந்த நாற்காலிதான், அந்த ஆளுக்கு முன்னால்தான்.

அந்த அறையில் வேலை எப்படி நடக்கும் என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஒரு தொழிலாளியை வேலையிலிருந்து நீக்க வேண்டுமானால் முதலில் குற்றச்சாட்டு மெமோ கொடுக்க வேண்டும். பிறகு ஆலைக்குள்ளேயே ஒரு விசாரணை. அவன் சொல்வதையும் அவன் சாட்சிகள் சொல்வதையும் கேட்டு அறிக்கை எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் உத்தரவு. எங்கள் மேனேஜருக்கு இந்த வரிசை அலுப்பாக இருந்தது. விசாரணை அறிக்கையை விசாரணைக்கு இரண்டு நாள் முன்பே எனக்குச் சொல்லி அடிக்க வைத்துவிடுவார், விசாரணை நாளின் தேதியைப் போட்டு. அன்றைக்கு அவசரம் இருக்காதாம். நான் சேர்ந்த புதிதில் எனக்கும் அது வினோதமாகத் தெரிந்தது. நாலு மாதத்தில் பழகிவிட்டது. இன்னொரு வழக்கமும் உண்டு. கடிதமோ அறிக்கையோ எதுவானாலும் அடியில் இடது ஓரத்தில், சொன்னவருடைய தலைப்பெழுத்தும் அடித்தவருடைய தலைப்பெழுத்தும் சின்னதாக இருக்க வேண்டும். ஒருமுறை நான் அதை விட்டுவிட்டேன் என்று ஆறு பக்கத்தையும் கிழித்துப் போட்டுத் திரும்ப அடிக்கச் சொன்னார். "யார் அடிச்சதுன்னு நாளைக்குத் தெரிய வேண்டாமா?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் பிற்பாடு பதில் சொன்னேன்.

விசாரணைக்கு வந்தவர் கிரேன் ஆபரேட்டர். பென்னலூர்க்காரர், நாற்பதைத் தாண்டியவர். கம்பெனி பஸ் பென்னலூரில் கிளம்பி ஸ்ரீபெரும்புதூர் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு ஒரகடம் போகும். பஸ்ஸில் யார் எங்கே உட்காருவது என்பது சர்வீஸ் கணக்குப்படி. அதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் யாரும் மீறவும் மாட்டார்கள். ஜன்னல் ஓரமெல்லாம் பழைய ஆட்களுக்கு. நான் நின்றுகொண்டே ஒரு கையில் கம்பியையும் ஒரு கையில் நோட்டையும் பிடித்துக்கொண்டு தள்ளாடுவதைப் பார்த்து, இரண்டாவது வாரமே அவர் எழுந்துகொண்டார். "படிக்கிற பொண்ணு, ஜன்னலாண்ட குந்தட்டும். நமக்கின்னா, தூங்கிக்கினு போறதுதானே." அன்றிலிருந்து அந்த இடம் என்னுடையது. நான் ஏறும்வரை அதில் தன் சாப்பாட்டுப் பையை வைத்திருப்பார். நான் என்ன படிக்கிறேன் என்று ஆலையில் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். யாரிடமும் சொல்லவில்லை.

அவர் செய்த குற்றம் இவ்வளவுதான். தேய்ந்துபோன ஒயர் ரோப்பில் உருகிய உலோகம் நிறைந்த சட்டி ஒன்றைத் தூக்கச் சொன்னார் சூப்பர்வைசர். கீழே ஆள் நிற்கிறது, ரோப்பை மாற்றாமல் தூக்க மாட்டேன் என்று இவர் கிரேனை நிறுத்திவிட்டார். கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை என்று மெமோ. அந்த மெமோவை அடித்தவளும் நான்தான்.

விசாரணை முதலில் ஒரு திங்கட்கிழமைக்குத்தான் வைக்கப்பட்டிருந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை எனக்குப் பரீட்சை. ஒரு நாள் விடுப்புக் கேட்டு எழுதி, ஆபீஸ் விதிப்படி காரணத்துக்கு அத்தாட்சியாக ஹால் டிக்கெட்டின் ஜெராக்ஸ் நகலையும் இணைத்து வைத்தேன். நான் செய்த முட்டாள்தனங்களில் அது தலையாயது. மேனேஜர் அதைப் படித்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடியும் படித்தார். தன் அறையில் இத்தனை நாளாக ஒரு பாம்பு உட்கார்ந்து தான் சொன்னதையெல்லாம் அடித்துக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் கண்டுபிடித்தவர் போல முகம் போயிற்று. திட்டவில்லை. அன்றிலிருந்து என்னை 'வக்கீலம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார். வக்கீலம்மா, காபி சொல்லுங்கோ. வக்கீலம்மா, இந்த பேன் ஸ்விட்சைப் போடுங்கோ. வந்து போகிறவர்கள் முன்னால், சூப்பர்வைசர்கள் முன்னால், அவர்கள் சிரிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே. இரண்டு நாள் கழித்து விசாரணையைத் திங்கட்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமைக்கு மாற்றினார். விசாரணை அன்று டைப்பிஸ்ட் இல்லாமல் எப்படி என்று விடுப்பு மறுக்கப்பட்டது, பச்சை மையில்.

புதன்கிழமை காலை வழக்கம்போல என்னைக் கூப்பிட்டு அறிக்கையைச் சொன்னார். வெள்ளிக்கிழமை தேதி. தொழிலாளிக்கு முழு வாய்ப்பு அளிக்கப்பட்டது; அவர் தன் தரப்பில் சாட்சி எவரையும் கொண்டுவரவில்லை; குற்றச்சாட்டு ஐயமின்றி நிரூபணமாயிற்று. நாலு பக்கம். அடித்தேன், ஓரத்தில் தலைப்பெழுத்துகளைப் போட்டேன், பைலில் வைத்தேன். மனசு முழுக்கப் பரீட்சை. கை மட்டும் அடித்தது. இதை நான் சமாதானமாகச் சொல்லவில்லை, நடந்தது இதுதான்.

வியாழக்கிழமை. என்னிடம் எண்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. மூன்று முறை படித்ததையெல்லாம் பிழிந்து அதில் ஏற்றியிருந்தேன்: சிவப்பு மையில் தலைப்பு, நீலத்தில் பாயிண்ட், தீர்ப்புகளின் பெயர் மட்டும் பென்சிலில். கடைசி நாளுக்கு என்று வேறு எதுவும் நான் வைத்துக்கொள்ளவில்லை. புத்தகங்கள் கூட இரவல், திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. கார்பன் பெட்டிக்கு அடியில் நோட்டை வைத்துக்கொண்டு, ஒரு கடிதத்துக்கும் அடுத்த கடிதத்துக்கும் நடுவே அரைப் பக்கம் படிப்பேன். பதினொரு மணிக்கு மேனேஜர் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை. கையை நீட்டினார். கொடுத்தேன். பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார், சிவப்புத் தலைப்பு ஒன்றை உரக்கப் படித்தார். பிறகு தன் மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

"சார், நாளைக்குப் பரீட்சை சார்" என்றேன்.

"நாளைக்கு விசாரணை. திங்கட்கிழமை வாங்கிக்கோ."

நான் கெஞ்சினேன். எத்தனை 'சார்' போட்டேன் என்று எனக்கே தெரியாது. கண்ணில் தண்ணீர் வந்தது, அதையும் அவர் பார்த்தார். இனி ஆபீஸில் படிக்க மாட்டேன் என்றேன், அதை மட்டும் கொடுத்துவிடுங்கள் என்றேன், அம்மாவைப் பற்றிக்கூடச் சொன்னேன். டைம் ஆபீஸ் கிளார்க் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மேனேஜர் சாவியைச் சட்டைப் பையில் போட்டு, பையை ஒருமுறை தட்டிக்கொண்டார். விடுப்பு மறுத்ததை நான் மன்னித்திருப்பேன், வக்கீலம்மாவையும் மன்னித்திருப்பேன். அந்தப் பையைத் தட்டிக்கொண்டதை மன்னிக்க மாட்டேன்.

மத்தியானம் அவர் கிண்டியில் ஏதோ கூட்டம் என்று காரில் போய்விட்டார். நான் மிஷினின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். படிக்க ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அறையில் என்ன இருக்கிறது? இரும்பு அலமாரி. அதில் எட்டு வருஷத்து விசாரணைப் பைல்கள். அலமாரிச் சாவி என்னிடம்தான் இருந்தது. பைல் எடுத்துக் கொடுப்பதும் அடுக்குவதும் என் வேலை. எழுந்து போய் ஒன்றை எடுத்தேன். குற்றம் என்ன, எங்கே, எப்போது என்று எதுவுமே இல்லாத மெமோ. நோட்டில் சிவப்பு மையில் நான் எழுதிய முதல் தலைப்பு அதுதானே என்று பொறி தட்டியது. அடுத்த பைலில் பதில் சொல்ல ஒரே நாள் அவகாசம். அது இரண்டாவது தலைப்பு. சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேட்க விடவில்லை, மூன்றாவது. இப்படி அந்த ஆள் செய்த ஒவ்வொரு அநியாயத்தையும் பாடத்தின் ஒவ்வொரு தலைப்புக்குக் கீழே அடுக்கிக்கொண்டே போனேன். மூன்று வருஷம் புத்தகத்தில் படித்துத் தலையில் ஏறாதது மூன்று மணி நேரத்தில் ஏறியது. கோபத்தில் படித்தால் மறக்காது என்று அன்றைக்குக் கண்டுகொண்டேன்.

கடைசிப் பைல் கிரேன் ஆபரேட்டருடையது. முந்தின நாள் நானே அடித்த அறிக்கை மேலாக இருந்தது. தேதி வெள்ளிக்கிழமை. ஓரத்தில் மேனேஜரின் தலைப்பெழுத்து, என்னுடைய தலைப்பெழுத்து. அந்த ஆலையில் டைப் அடிக்கத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். நாளைக்கு நான் இங்கே இல்லாமல் பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருந்தால், நாளைத் தேதி போட்ட இந்த அறிக்கையை அடித்தது யார்? மாட்டினாயா மகனே என்று வாய்விட்டே சொன்னேன். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது: அந்த நிமிஷத்தில் கிரேன் ஆபரேட்டரின் முகம் என் நினைவுக்கு வரவில்லை. மேனேஜரின் முகம்தான் வந்தது. பிறகு ஆபரேட்டரின் ஞாபகம் வந்தபோது இதையும் யோசித்தேன். சாயந்திரம் பஸ்ஸில் அவரிடம் சொன்னால் அவர் சும்மா இருக்க மாட்டார், விசாரணையில் போட்டு உடைப்பார். மேனேஜர் அறிக்கையைக் கிழித்துவிட்டு வேறு ஒன்று தயார் செய்வார். எனக்குக் கிடைத்தது கையை விட்டுப் போகும். அதனால் சொல்லவில்லை. சாயந்திரம் பஸ்ஸில் அவர் கொடுத்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, அவர் பக்கத்திலேயே பயணம் செய்து, வாயைத் திறக்கவில்லை. நாளைக்குத் தன் பக்கம் பேச இரண்டு பேர் வருகிறார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னார். அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

காலையில் நல்ல மழை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் பஸ் ஒரகடம் வழியாக, எங்கள் ஆலை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். வழி நெடுகத் தலைப்புகளை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு பைல், ஒவ்வொரு பைலுக்கும் ஒரு ஆள். ஆலை நெருங்கும்போது மேனேஜர் கண்ணில் பட்டுவிடுமோ என்று தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டேன். கேட்டுக்கு வெளியே, மழைக்கு ஒதுங்கி, கிரேன் ஆபரேட்டர் தன் இரண்டு சாட்சிகளோடு நின்றுகொண்டிருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். பஸ்ஸில் என்னைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்து, கையை உயர்த்தி ஆட்டினார், நல்லா எழுது என்பதுபோல. நான் குனிந்துகொண்டேன்.

பரீட்சையில் முதல் கேள்வியே உள்விசாரணையும் இயற்கை நீதியும். தீர்ப்புகளின் பெயர் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அவை டிராயரில் பூட்டிக் கிடந்தன. பெயருக்குப் பதில் நடந்ததை எழுதினேன். ஒரு ஆலையில் ஒரு மேலாளர் இப்படிச் செய்தார், அது ஏன் தவறு. இன்னொரு முறை இப்படிச் செய்தார், அது ஏன் தவறு. கூடுதல் தாள் கேட்டுக் கேட்டு நூல் போட்டுக் கட்டினேன். மேற்பார்வையாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் பரீட்சை எழுதவில்லை, அந்த ஆள்மேல் குற்றப்பத்திரிகை எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே வரும்போதே பாஸ் என்று தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை மிஷின் உறையின்மேல் எனக்கு ஒரு மெமோ. அனுமதியின்றி வராததால் ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது. டைப் அடிக்க ஆள் இல்லாததால் டைம் ஆபீஸ் கிளார்க்கின் கோழிக் கிறுக்கலில் இருந்தது. அதே காலையில்தான் கிரேன் ஆபரேட்டருக்கு நீக்க உத்தரவு போயிற்று. என்னைக் கூப்பிட்ட மேனேஜர் நல்ல மனநிலையில் இருந்தார். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் மெமோவைக் கிழித்துவிடுவதாகச் சொன்னார். அவரே சொல்லச் சொல்ல நான் அடித்தேன்: வெள்ளிக்கிழமை அனுமதியின்றி வேலைக்கு வராமல் இருந்தது என் தவறு, என் ஒழுங்கீனத்துக்கு வெட்கப்படுகிறேன், இனி நடக்காது. அதில் 'காலை முதல் மாலை வரை, நாள் முழுவதும்' என்று அவர் சொல்லவில்லை. நான் சேர்த்தேன். படித்துப் பார்த்தவர் அதை என் பணிவு என்று எடுத்துக்கொண்டார், குட் என்றார். "காப்பியிலயும் ஒரு கையெழுத்து சார், எனக்கு" என்று நீட்டினேன். மன்னித்தருளுகிற தோரணையில், நிதானமாக, 'ஏற்கப்பட்டது' என்று எழுதி, தன் பெயரைப் பச்சை மையில் போட்டு, தேதியும் முத்திரையும் வைத்தார். மெமோவை என் கண்ணெதிரே நாலாகக் கிழித்தார். நோட்டையும் திருப்பிக் கொடுத்தார். "இப்பப் படிச்சுக்கோ" என்றார். நான் நன்றி சொன்னேன். மனசார.

ரிசல்ட் வந்து, வேலையை விட்டு, வக்கீலாகப் பதிவு செய்து சன்னது வாங்கிய பிறகுதான் பென்னலூர் போனேன். அதற்குள் எட்டு மாதம் ஓடியிருந்தது. கிரேன் ஆபரேட்டர் செங்கல் சூளையில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். விசாரணை அன்று அவருடைய இரண்டு சாட்சிகளும் காலை பத்திலிருந்து சாயந்திரம் நாலு வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்களாம், கூப்பிடவே இல்லை. அறைக்குள் மேனேஜரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன் என்று அவரே சொன்னார். நான் ஜூனியராகச் சேர்ந்திருந்த சீனியர் வக்கீலிடம் அவரை அழைத்துப் போய் வழக்குப் போட வைத்தேன். ஏன் இவ்வளவு அக்கறை என்று அவர் கேட்கவில்லை. ஜன்னலோரம் கொடுத்த நன்றி என்று நினைத்திருப்பார். நாலு வருஷம், வாய்தாவுக்கு வரும்போதெல்லாம் அவர் வீட்டம்மா எனக்கென்று முருங்கைக்காய் கொடுத்தனுப்புவார். நான் வாங்கிக்கொள்வேன்.

சீனியர் முதலிலேயே சொல்லிவிட்டார், இந்த வழக்கில் நீ வக்கீலாக நிற்க முடியாது, சாட்சியாகத்தான் நிற்க வேண்டும் என்று. அந்த ஆளை நான் என் வாயால் குறுக்குக் கேள்வி கேட்க வேண்டும் என்று எட்டு மாதமாகக் கனவு கண்டவள், அது போயிற்று. மேனேஜரை விசாரித்த அன்று சாட்சி உள்ளே இருக்கக் கூடாது என்று வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உள்ளே நடந்ததை சீனியர் வந்துதான் சொன்னார். விசாரணை முடிந்ததும் டைப்பிஸ்ட்டைக் கூப்பிட்டு, தானே சொல்லி, அன்று சாயந்திரமே அறிக்கையை அடிக்க வைத்ததாக மேனேஜர் சத்தியப் பிரமாணத்தின்மேல் சொல்லியிருக்கிறார். அன்று டைப்பிஸ்ட் வந்திருந்தாரா என்று சீனியர் கேட்க, வந்திருந்தார் என்றும் சொல்லியிருக்கிறார். அன்று நான் வராதது அவருக்கு மறந்தே போயிருந்தது. நூறு மெமோ கொடுத்தவருக்கு ஒரு மெமோ எங்கே ஞாபகம் இருக்கும்?

அடுத்த வாய்தாவில் கறுப்புக் கோட்டைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கூண்டில் ஏறினேன். மேனேஜர் தன் வக்கீலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கடிதத்தை நீட்டினேன். அவர் வக்கீல் அதை வாங்கிப் படித்து, திரும்பி அவரிடம் காட்டினார். அந்த முகத்தில் ஈயாடவில்லை. அவருடைய பச்சை மை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதைக் கண்ணால் குடித்தேன். பிறகு அந்த வக்கீல் என்னை நோக்கிக் குரலை உயர்த்தினார்: உங்களுக்கு இவர்மேல் விரோதம் உண்டு, பழிவாங்கத்தான் வந்திருக்கிறீர்கள், சரியா?

"ஆமாங்க" என்றேன். "பழிவாங்கத்தான் வந்திருக்கேன். அந்தக் கையெழுத்து அவரோடதா இல்லையான்னு அவரையே கேளுங்க."

கோர்ட் டைப்பிஸ்ட் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நீதிபதி அதையும் பதிவு செய்யச் சொன்னார். அந்த விசாரணை செல்லாது என்று உத்தரவாகி, கடைசியில் கிரேன் ஆபரேட்டருக்கு வேலை திரும்பக் கிடைத்தது; கடிதத்தையும் நான் கோர்ட்டிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன். மேனேஜரைக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பியது. எனக்கு அது இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், இன்றும் இனிக்கிறது.

ஆனால் சாட்சி சொன்ன அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. வழக்குக்காரர் என்பதால் கிரேன் ஆபரேட்டர் உள்ளேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அறிக்கையை எப்போது அடித்தீர்கள் என்று சீனியர் கேட்டதையும், புதன்கிழமை என்று நான் சொன்னதையும். வெளியே வராந்தாவில் என்னிடம் வந்தார். வெற்றிலைச் சிவப்பேறிய வாயோடு சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப புதங்கெய்மயே உனுக்குத் தெரியும்" என்றார்.

"தெரியும்ணா."

"மழையில கேட்டாண்ட நின்னுக்கினு உனுக்குக் கை காட்னனே. அப்பவும் தெரியும்."

அவர் என்னையே பார்த்தார். கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. "நீ அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அந்தாளு கைய புடிச்சிக்கினு அய்திருக்க மாட்டன்மா" என்றார். அவ்வளவுதான். வேலை போனதையோ, நாலு வருஷம் செங்கல் சுமந்ததையோ சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் ஊர் திரும்ப வேண்டும். அவர் முன்னால் ஏறினார். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் பையை வைத்துக்கொண்டு வெளியே பார்க்க ஆரம்பித்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் வரை நின்றேன். அதற்குப் பிறகு முருங்கைக்காய் வரவில்லை.

இப்போது அந்தச் சாலையில் கார் கம்பெனிகளும் லாரி கம்பெனிகளும்தான். எங்கள் ஆலை இருந்த இடத்தில் வேறு எதற்கோ கிடங்கு கட்டியிருக்கிறார்கள். ஆலையை மூடிச் சாமான்களை ஏலம் விட்டபோது என் மிஷினை நான் எடுத்துக்கொண்டேன்; அலுவலகத்தில் மூலையில் இருக்கிறது, இன்றும் எழுத்து சுத்தமாக விழும். கண்ணாடிக்கு அடியில் இருப்பது என்ன கடிதம் மேடம் என்று யாராவது கேட்டால், என் வாழ்க்கையில் நான் எழுதிக் கொடுத்த ஒரே மன்னிப்பு என்று சொல்வேன். அவர்கள் சிரிப்பார்கள். அதை அந்த ஆளுக்கு அல்லவா எழுதிக் கொடுத்தேன், மனசில் ஒரு துளி வருத்தம் இல்லாமல். வருத்தத்தோடு எழுத வேண்டியது வேறு ஒன்று. கிரேன் ஆபரேட்டர் ரிட்டயராகி, எண்பதை நெருங்கிக்கொண்டு, அதே வீட்டில்தான் இருக்கிறார். எத்தனையோ முறை மிஷினில் தாளை மாட்டியிருக்கிறேன். இது இங்கிலீஷ் மிஷின், அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்று தாளை உருவிவிடுவேன். கையால் எழுதலாம். எழுதவும் வேண்டாம், நேரில் போய்ச் சொல்லலாம். பென்னலூர் இங்கிருந்து பஸ்ஸில் பத்து நிமிஷம்தான்.